கணித மேதை ஆய்லர்

உலகிலுள்ள பொருள்கள் பலவும் தனித்து நிற்பன அல்ல; ஒன்றோடொன்று தொடர்புற்று நிற்பன. ஊரும் ஊரும் சாலையால் இணைகின்றன. உறவினர் குருதியால் இணைகின்றனர். நண்பர் அன்பால் இணைகின்றனர். மரத்தின் கிளைகளும், உடம்பின் நரம்புகளும், சிலந்தியின் வலையும் இணைப்பின் வடிவங்களே. இத்தகைய இணைப்புகளை ஆராய்வதற்குக் கணிதத்தில் தனியொரு துறை உண்டு. அத்துறைக்கு வித்திட்டவர் லியோனார்டு ஆய்லர் என்னும் பேரறிஞர். ஒரு பொருளின் இணைப்பு வேறு, அதனை நாம் வரைந்து காட்டும் வடிவம் வேறு என்னும் உண்மையை அவருடைய ஆராய்ச்சி நமக்கு உணர்த்துகின்றது. எண்ணைக் கண்ணுக்கு ஒப்பாக வைத்துப் போற்றுவது தமிழர் மரபு. கண்ணொளி குன்றிய காலத்தும் எண்ணையே கண்ணாகக் கொண்டு வாழ்ந்த அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே மலைகள் நிறைந்து விளங்கும் சிறிய நாடு சுவிட்சர்லாந்து. அந்நாட்டில் ரைன் ஆற்றின் கரையில் அமைந்த பழம்பெரு நகரம் பாசெல். அந்நகரில் 1707ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஆய்லர் பிறந்தார். தந்தையார் பால் ஆய்லர் கிறித்தவ சமயப் போதகர். தாயாரும் போதகர் குடும்பத்திலே தோன்றியவர். குழந்தை பிறந்த மறு ஆண்டில் தந்தையார் பாசெலுக்கு அண்மையிலுள்ள ரீயன் என்னும் சிற்றூருக்குப் போதகராகச் சென்றார். ஆகவே, ஆய்லரின் பிள்ளைப் பருவம் அவ்வூரிலேயே கழிந்தது.

பால் ஆய்லர் சமயக் கல்வியோடு கணிதமும் ஓரளவு பயின்றவர். யாக்கோபு பெர்னூலி என்னும் பெருங்கணித அறிஞரின் விரிவுரைகளைத் தம் இளமையிற் கேட்டவர். அவரே தம் மைந்தருக்கு முதலாசிரியராக இருந்து கணிதத்தின் அடிப்படைகளைக் கற்பித்தார். பின்னர் ஆய்லர் பாசெல் நகரப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அப்பள்ளியில் கணிதத்திற்கு இடமில்லை. எனினும், தந்தையார் ஊன்றிய வித்து வாடவில்லை. அது தக்க மழையை எதிர்நோக்கியிருந்தது.

நல்லாசிரியர் வாய்த்தல்

1720ஆம் ஆண்டில், தமது பதின்மூன்றாம் வயதில், ஆய்லர் பாசெல் பல்கலைக்கழகத்திற் புகுந்தார். யாக்கோபு பெர்னூலியின் தம்பியாரான யோகான் பெர்னூலி அப்போது அங்கே கணிதப் பேராசிரியராக இருந்தார். தமக்குத் தனியே பாடம் கற்பிக்குமாறு ஆய்லர் அவரை வேண்டினார். ஓய்வில்லாத பேராசிரியர் அதற்கு இசையவில்லை. ஆயினும், அரிய கணித நூல்களைத் தாமே பயின்றுவருமாறும், விளங்காத இடங்களைச் சனிக்கிழமைதோறும் பிற்பகலில் வந்து கேட்குமாறும் பணித்தார்.

இஃது ஆய்லருக்குப் பெரும்பேறாயிற்று. பேராசிரியரின் பொழுதை வீணாக்குதல் தகாது என்று எண்ணிய அவர், இயன்ற அளவு தாமே முயன்று ஐயங்களைப் போக்கிக்கொண்டார். எஞ்சிய சிலவற்றை மட்டுமே ஆசிரியரிடம் கொண்டுசென்றார். ஆசிரியர் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டால், அதனைச் சார்ந்த வேறு பல முடிச்சுகள் தாமே அவிழக் கண்டார். தாமே கற்கும் வழக்கம் இவ்வாறு அவரிடம் வேரூன்றியது.

மைந்தர் தம்மைப் போலவே போதகராதல் வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அதன்பொருட்டு ஆய்லர் சமய நூலும் கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளும் பயிலத் தொடங்கினார். ஆயினும், அவர் உள்ளம் கணிதத்திலேயே தோய்ந்து நின்றது. யோகான் பெர்னூலி மாணவரின் ஆற்றலை நன்கறிந்திருந்தார். முடிவில் தந்தையாரும் இசைந்தார். சமயப் பற்றை விட்டொழியாமலே ஆய்லர் கணிதத்தைத் தம் வாழ்க்கைத் தொழிலாக ஏற்றார்.

உருசிய நாட்டில்

1727ஆம் ஆண்டில் பாரிசு அறிவியற் கழகம் கப்பலில் பாய்மரங்களை நிறுத்தும் முறைபற்றி ஒரு பரிசுப் போட்டி வைத்தது. கடற்கரையே இல்லாத நாட்டிற் பிறந்த ஆய்லர் அதற்குக் கட்டுரை விடுத்துச் சிறப்புப் பாராட்டைப் பெற்றார். அதே ஆண்டில் பாசெல் பல்கலைக்கழகத்திற் காலியான இயற்பியற் பதவிக்கு விண்ணப்பித்தார். அப்பதவி அவருக்குக் கிட்டவில்லை. பிறந்த ஊர் தர மறுத்த இடத்தைத் தொலைவிலுள்ள நாடொன்று தந்தது. உருசிய நாட்டின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் புதிதாக நிறுவப்பட்டிருந்த அறிவியற் கழகத்தில், யோகான் பெர்னூலியின் மைந்தரும் ஆய்லரின் நண்பருமான தானியேல் பெர்னூலி பணியாற்றி வந்தார். அவருடைய முயற்சியால் ஆய்லருக்கு அங்கே இடம் கிடைத்தது. ஆற்று வழியாகவும் கடல் வழியாகவும் நில வழியாகவும் நெடும்பயணம் செய்து, 1727ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் அந்நகரை அடைந்தார்.

அவர் சேர்ந்த அம்மாதத்திலேயே உருசியப் பேரரசி முதலாம் காத்தரீன் காலமானார். கழகத்தின் நிலை தளர்வுற்றது. சில ஆண்டுகள் உருசியக் கடற்படையில் மருத்துவப் பிரிவிலும் ஆய்லர் பணியாற்ற நேர்ந்தது. எனினும் அவர் மனந்தளரவில்லை. 1733இல் தானியேல் பெர்னூலி தாயகம் திரும்பவே, கழகத்தின் கணிதத் தலைமை ஆய்லருக்கு வந்தது. மறு ஆண்டில் ஓவியர் ஒருவரின் மகளாகிய காத்தரீனா கிசெல் என்னும் நங்கையாரை மணந்தார். அவர்களுக்குப் பதின்மூன்று மக்கள் பிறந்தனர். அவர்களுள் ஐவரே குழந்தைப் பருவத்தைக் கடந்து வாழ்ந்தனர்.

அக்காலத்தில் உருசியப் பெருநாட்டிற்குச் செம்மையான நிலப்படங்கள் வரையும் பணியைக் கழகம் மேற்கொண்டிருந்தது. அப்பணியிலும் ஆய்லர் ஈடுபட்டார். ஊர்களின் தொலைவையும் ஆறுகளின் வளைவையும் நுண்ணிதின் நோக்கி, உள்ளது உள்ளவாறே தாளில் அமைக்கும் பணி அது. 1735இல் அவருக்குக் கொடிய காய்ச்சல் கண்டு, உயிர்பிழைப்பதே அரிதாயிற்று. 1738இல் வலக்கண்ணின் ஒளி பெரிதும் மங்கியது. நிலப்பட வேலையே கண்ணுக்குக் கேடாயிற்று என்று அவர் கருதினார். காய்ச்சலின் விளைவே அது என்று பிற்கால அறிஞர் கருதுவர். எவ்வாறாயினும், ஒரு கண் மங்கியதற்காக அவர் ஒரு நாளும் சோர்ந்திருக்கவில்லை.

ஏழு பாலங்கள்

நிலப்படத்தில் வடிவமும் தொலைவுமே உயிராவன. அவ்வேலையிற் கண்ணைச் செலவிட்ட ஆய்லரே, வடிவத்தையும் தொலைவையும் முற்றும் நீக்கிவிட்டு எஞ்சி நிற்பது யாது என்று ஆராய்ந்தமை வியப்பிற்குரியது.

அந்நாளில் பிரசிய நாட்டில் கோனிக்ஸ்பர்க் என்னும் நகரம் இருந்தது. அந்நகரின் ஊடே பிரேகல் ஆறு ஓடியது. ஆற்றின் நடுவே ஒரு தீவு. தீவைச் சூழ்ந்து சென்ற ஆறு இரண்டாகப் பிரிந்து கிடந்தமையால், நகரம் நான்கு நிலப்பகுதிகளாகப் பிரிந்திருந்தது. அந்நான்கையும் ஏழு பாலங்கள் இணைத்தன. ஒரு பாலத்தையும் விடாமல், ஒரு பாலத்தையும் இருமுறை கடவாமல், ஏழு பாலங்களையும் ஒரே நடையிற் கடந்து வருதல் இயலுமா என்பது அந்நகரத்தாரிடையே வழங்கிய ஒரு புதிர். முயன்றவர் எவரும் வெற்றி பெறவில்லை. ஆயினும் இயலாது என்று நிறுவினாரும் இலர்.

ஆய்லர் இப்புதிரை எடுத்துக்கொண்டார். பாலத்தின் நீளம் எவ்வளவு, தீவின் பரப்பு எவ்வளவு, ஆறு எங்கே வளைகின்றது என்பன எல்லாம் இக்கேள்விக்கு வேண்டாதவை என்று கண்டார். நான்கு நிலங்களுக்கும் நான்கு எழுத்துகளைப் பெயராக இட்டார். எந்த நிலத்தை எத்தனை பாலங்கள் தொடுகின்றன என்பது ஒன்றையே நோக்கினார். நடப்பவன் ஒரு நிலத்திற்குள் ஒரு பாலத்தால் வந்தால், மற்றொரு பாலத்தால் வெளியேற வேண்டும். ஆகவே, இடைவழியில் அமையும் ஒவ்வொரு நிலத்திற்கும் பாலங்கள் இரண்டு இரண்டாகவே செலவாகும். நடை தொடங்கும் நிலமும் முடியும் நிலமும் மட்டுமே ஒற்றைப்படையான பாலங்களைப் பெற்றிருக்கலாம். கோனிக்ஸ்பர்க் நகரிலோ தீவை ஐந்து பாலங்களும், மற்ற மூன்று நிலங்களையும் மும்மூன்று பாலங்களும் தொட்டன. நான்கும் ஒற்றைப்படை. எனவே அத்தகைய நடை ஒருகாலும் இயலாது என்பது முடிந்த முடிபாயிற்று.

இம்முடிவை 1735ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் கழகத்தின் முன் வைத்தார். 1741இல் அஃது அச்சாகி வெளிவந்தது. நிலங்களைப் புள்ளிகளாகவும் பாலங்களைக் கோடுகளாகவும் வரையும் வழக்கம் அவருக்குப் பின்னரே தோன்றியது. எனினும் அதற்கு அடிப்படையான எண்ணம் அவருடையதே. புள்ளிகளை எங்கே வைத்தாலும், கோடுகளை எவ்வளவு நீட்டினாலும் வளைத்தாலும், எந்தப் புள்ளி எதனோடு இணைந்தது என்பது மாறாதிருக்கும்வரை விடையும் மாறாது. வலைப்பின்னல்களைப் பற்றிய கணிதம் முழுவதும் இவ்வுண்மையின்மேல் எழுந்த மாளிகையேயாகும்.

வளைந்த கம்பி

1741இல் பிரசிய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் அழைப்பை ஏற்று ஆய்லர் பெர்லின் நகருக்குச் சென்றார். அங்கே இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, அறிவியற் கழகத்தின் கணிதப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அக்காலத்தே அவர் எழுதிய நூல்களுள் 1744இல் வெளிவந்தது ஒன்று நமது பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. வளைகோடுகளுள் ஒரு பண்பு மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ அமையும் கோட்டைக் கண்டறியும் முறையை அந்நூல் கூறுகின்றது.

அதன் பிற்சேர்க்கை ஒன்றில் மெல்லிய வளையுங்கம்பியை அவர் ஆராய்ந்தார். கம்பியின் இரு முனைகளையும் பிடித்து நெருக்கினால் அது வளைகின்றது. எவ்வாறு வளைகின்றது? எண்ணற்ற வளைவுகள் இருக்க, அது குறிப்பிட்ட ஒரு வளைவையே மேற்கொள்வது ஏன்? வளைவினால் கம்பிக்குள் தேங்கும் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் நிலையிலேயே அஃது அமைதி பெறுகின்றது என்னும் கருத்தை நண்பர் தானியேல் பெர்னூலி அவருக்கு எழுதியிருந்தார். ஆய்லர் அதனைக் கணிதமாக்கி, கம்பி கொள்ளத்தக்க வடிவங்களை ஒன்பது வகையாகப் பிரித்துக் காட்டினார். முனைகளைப் பிடிக்கும் முறையும் செலுத்தும் விசையும் மாறினால், அதே கம்பி வேறு வடிவங்கொள்ளும். வடிவத்தை நாம் நேரே செதுக்க வேண்டுவதில்லை. முனைகளையும் விசையையும் ஆண்டால் வடிவம் தானே அமையும்.

1750இல் மற்றோர் உண்மையையும் அவர் கண்டார். தட்டையான முகங்களால் சூழப்பெற்ற, உட்குழிவில்லாத ஒரு திண்மத்தின் மூலைகளையும் முகங்களையும் கூட்டி, அதிலிருந்து விளிம்புகளைக் கழித்தால் எஞ்சுவது எப்போதும் இரண்டே. கனசதுரத்திற்கு மூலைகள் 8, முகங்கள் 6, விளிம்புகள் 12, எஞ்சுவது 2. அதனை நீட்டினாலும் சாய்த்தாலும் இக்கணக்குப் பிழைபடுவதில்லை. இங்கும் வடிவம் மாற, இணைப்பு மாறாது நிற்றலைக் காண்க.

இத்தகைய பேரறிஞரை மன்னர் பிரெடரிக் உரியவாறு மதித்தாரில்லை. அரசவையில் நகைச்சுவைபடப் பேசும் திறனையே மன்னர் விரும்பினார். எளிமையும் அடக்கமும் உடைய ஆய்லரை ஒற்றைக் கண்ணர் என்று எள்ளவும் செய்தார். ஆய்லர் அதனைப் பொறுத்துத் தம் பணியிலேயே ஊன்றி நின்றார். முடிவில் 1766ஆம் ஆண்டில், பேரரசி இரண்டாம் காத்தரீனின் அழைப்பை ஏற்று மீண்டும் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரை அடைந்தார்.

இருளிலும் ஒளி

உருசியாவிற்குத் திரும்பிய சிறிது காலத்தில், எஞ்சியிருந்த இடக்கண்ணையும் புரை மறைக்கலாயிற்று. அகவை அறுபதை எட்டும் வேளையில் ஆய்லர் ஏறக்குறைய முற்றும் பார்வை இழந்தார். எழுதுவதும் வரைவதும் படிப்பதுமே தொழிலாகக் கொண்டவருக்கு இதனினும் கொடிய இடர் வேறு யாது? ஆயினும், அவர் மனக்கண் மங்கவில்லை. நீண்ட கணக்குகளை மனத்திலேயே செய்து முடிக்கும் ஆற்றல் அவருக்கு இளமை முதலே இருந்தது. இலத்தீன் மொழியிலுள்ள வர்ஜிலின் பெருங்காப்பியம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். இந்நினைவாற்றலே இப்போது அவருக்கு ஏடும் எழுத்தாணியும் ஆயிற்று.

தையற்றொழில் பயின்ற இளைஞன் ஒருவனைத் தமக்கு எழுத்தனாக அமர்த்திக்கொண்டு, இயற்கணித நூலொன்றை அவனுக்குச் சொல்லி எழுதுவித்தார். கணிதம் பயிலாத அவ்விளைஞனும் எழுதி எழுதியே அக்கலையைக் கற்றான் என்பர். அத்துணைத் தெளிவுடைய அந்நூல் 1770இல் செருமன் மொழியில் வெளிவந்தது.

1771ஆம் ஆண்டில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிற் பெருந்தீ பரவியது. ஆய்லரின் இல்லமும் எரிந்தது. பார்வையற்ற முதியவர் உள்ளே சிக்கியிருப்பதை அறிந்த பீட்டர் கிரிம் என்னும் பாசெல் நகரத்துத் தொழிலாளி, தீயினுட் புகுந்து அவரைத் தூக்கி வந்து காப்பாற்றினார். கையெழுத்துப் படிகளும் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டன. அவ்வாண்டிலேயே இடக்கண்ணிற் செய்த அறுவை மருத்துவத்தால் சிறிது பார்வை வந்தது. சில நாள்களுக்குள் கண்ணிற் சீழ் வைத்தமையால் அதுவும் அழிந்தது. 1773இல் மனைவியாரும் மறைந்தார்.

இடுக்கண்கள் இவ்வாறு அடுக்கி வந்தும் ஆய்லரின் பணி தடைபடவில்லை. மைந்தர் யோகான் ஆல்பிரெக்டும், லெக்ஸல், கிராப்ட், நிக்கலாஸ் பூஸ் ஆகிய இளம் அறிஞரும் அவருக்குக் கண்ணாக அமைந்தனர். அவர் சொல்ல அவர்கள் எழுதினர். 1772இல் நிலவின் இயக்கம்பற்றிய பெருநூல் வெளிவந்தது. அவர்தம் வாழ்நாட் படைப்புகளுள் ஏறத்தாழப் பாதி, பார்வை குன்றிய இப்பதினேழு ஆண்டுகளிலே உருவாயின.

1783ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் காலையில் அவர் வழக்கம்போலப் பேரக் குழந்தைக்குக் கணக்குக் கற்பித்தார். வானில் எழும் கூண்டுகளின் இயக்கத்தைக் கணித்தார். இரண்டாண்டுகட்கு முன் கண்டறியப்பட்ட யுரேனசு என்னும் கோளின் பாதைபற்றி மாணவருடன் உரையாடினார். மாலையில் மூளையில் குருதி கசிந்து மயங்கியவர், அன்றிரவே உயிர் நீத்தார். அவர் எழுதி வைத்தவற்றை வெளியிட்டு முடிப்பதற்குக் கழகத்திற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அவர் படைப்புகள் 866 எனப் பிற்கால அறிஞர் எண்ணிப் பட்டியல் வகுத்தனர்.

அவர் விதைத்தது விளைந்தமை

ஆய்லர் தனித்தனியே கண்ட இரண்டு உண்மைகளும் பிற்காலத்தில் ஒன்றுசேர்ந்தன. அவை சேர்ந்த இடமே வலைப்படம் வரையும் கலை. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒரு வகுப்பில் மாணவர் 40 பேர் உள்ளனர் என்க. ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. நண்பர் இருவருக்கிடையே ஒரு கோடு. புள்ளிகளைத் தாளில் மனம்போனவாறு சிதறினால், கோடுகள் பின்னிப் பிணைந்து நூற்சிக்கல் போலத் தோன்றும். இணைப்புகள் யாவும் அதில் உண்டு. ஆயினும், யார் பலர்க்கு நண்பர், யார் தனித்து நிற்கின்றார் என்பது கண்ணுக்குப் புலனாகாது. தொற்றுநோய் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்று ஆராயும் மருத்துவரின் முன் இத்தகைய படம் இருக்குமாயின், அதனால் விளையும் தீங்கு சிறிதன்று. எனவே இணைப்பை மாற்றாமல் வடிவத்தைச் செப்பஞ்செய்தல் வேண்டும்.

அதற்குக் கணித அறிஞர் வளைந்த கம்பியின் வழியையே பின்பற்றினர். ஒவ்வொரு கோட்டையும் ஒரு சுருள்வில்லாகக் கருதுக; அது நண்பர் இருவரையும் அருகே இழுக்கும். ஒவ்வொரு புள்ளியையும் மற்றப் புள்ளிகளை விலக்கித் தள்ளும் இயல்புடையதாகக் கருதுக. காந்தங்களின் ஒத்த முனைகள் ஒன்றையொன்று தள்ளுவது போல்வது இது. 40 புள்ளிகளுக்கு 780 இணைகள். அத்தனைக்கும் தள்ளும் விசையைக் கணித்து, எல்லாப் புள்ளிகளையும் சிறிது நகர்த்தி, மீண்டும் கணிக்க வேண்டும். இழுப்பும் தள்ளலும் ஒத்து அமைதி பெறும் நிலையில் படம் தானே உருவாகும். 1984இல் பீட்டர் ஈட்ஸ் என்பார் இச்சுருள்வில் முறையை வகுத்தார். கணிப்பொறி இக்கணக்கை நொடியிற் செய்துவிடும்.

வடிவத்தை ஆளும் வழிகள் பல. சுருள்வில்லின் இயல்பான நீளத்தைக் கூட்டினால் படம் விரியும், குறைத்தால் சுருங்கும். தள்ளும் விசை குறைந்தால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று குவியும். மிகுந்தால் ஓரங்களுக்கு ஓடும். எவரோடும் இணையாத புள்ளிகள் தாளைவிட்டே விலகிச் செல்லாதவாறு, எல்லாவற்றையும் நடுவிடம் நோக்கி மெல்ல ஈர்க்கும் விசை ஒன்றும் வேண்டும். அவ்வீர்ப்பை மேல்கீழாக மிகுத்து, பக்கவாட்டிற் குறைத்தால், வட்டமாக நின்ற படம் அகன்று நீளும். கொல்லன் உலையிற் காய்ச்சிய இரும்பை மெல்ல ஆறவிடுவது போல, புள்ளிகளை முதலிற் பெரிய அடியாகவும் பின்னர்ச் சிறிய அடியாகவும் நகர்த்தி ஓய்வுறச் செய்தல் நன்று. இவ்வழியை 1991இல் புருக்டர்மன், ரெயின்கோல்டு என்னும் இருவர் தம் முறையிற் கையாண்டனர்.

இவ்வழிகளினும் வலியது சில புள்ளிகளை ஆணியடித்தாற்போல நிறுத்திவிடுதல். 1963இல் டட் என்னும் கணித அறிஞர் இதனை அழகுற விளக்கினார். வெளிப்புறப் புள்ளிகளைக் குவிந்த பல்கோண வடிவில் நிறுத்திவிட்டு, உள்ளே உள்ள ஒவ்வொரு புள்ளியையும் அதன் அண்டைப் புள்ளிகளின் சராசரி இடத்தில் அமைத்தார். கோடுகள் வெட்டாமல் வரையத்தக்கதாயும், எந்த இரு புள்ளிகளை நீக்கினாலும் துண்டுபடாததாயும் உள்ள வலையாயின், இம்முறையால் ஒரு கோடும் மற்றொரு கோட்டை வெட்டாத படம் உறுதியாகக் கிடைக்கும். வெளிப்புள்ளிகளை நிறுத்தாவிடின், இழுப்பு மட்டுமே உள்ள இம்முறையில் எல்லாம் ஒரே புள்ளியாகக் குவிந்துவிடும். முனைகளைப் பிடித்த முறையால் கம்பியின் வடிவம் அமைந்ததனை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. புள்ளிகள் தொடக்கத்தில் நின்ற இடம் மாறினால், ஒரே வலை வேறு வேறு படங்களாக அமையக்கூடும். படத்தில் அருகே நிற்கும் இருவர் நண்பராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. இடமின்மையால் அருகே ஒதுங்கியவராகவும் இருக்கலாம். நடுவில் நிற்பவரெல்லாம் தலைவரும் அல்லர். ஐயம் எழுந்தால், கோட்டை எண்ணிப் பார்த்தலே தக்கது. ஏழு பாலங்களின் முன் நின்ற ஆய்லர் செய்ததும் அதுவே.

முடிவுரை

ஆய்லரின் வாழ்க்கையும் அவர்தம் கணிதமும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. ஊர் மாறியது, மன்னர் மாறினர், இல்லம் எரிந்தது, கண்கள் இரண்டும் ஒளி இழந்தன. புறத்தே நேர்ந்த இம்மாற்றங்களால் அவருக்கும் அறிவிற்கும் இடையே இருந்த இணைப்பு அறவில்லை. கண்ணாற் காணும் வடிவம் நம் வசதிக்கேற்ப அமைத்துக்கொள்வது. அதனை அழகாகவும் தெளிவாகவும் அமைத்தல் நம் கடமை. அதனூடே நிற்கும் இணைப்போ நம் விருப்பத்திற்கு வளையாதது. அதனை உள்ளவாறே காத்தல் அதனினும் பெரிய கடமை. வலைப்படம் வரையும் மாணவர் இவ்விரண்டையும் மறவாது போற்றுவாராயின், அதுவே அப்பேரறிஞருக்குச் செய்யும் நன்றியாகும்.